பொட்டுக்காகக் கட்டிய வலைத் தாழ்வாரம்

மாசி மாதத்தில் ஒரு காலை, அடுக்களைப் படியில் எங்கள் பூனை பொட்டு ஒரு கொண்டைக்குருவிக் குஞ்சைக் கொண்டுவந்து வைத்தது. கூட்டைவிட்டு இறங்கி ஒரு நாள் ஆகியிருந்தால் அதிகம். வால் இரண்டு விரற்கடைகூட வளரவில்லை. வாயோரத்து மஞ்சள் அப்படியே இருந்தது. இறக்கைக்கு அடியில் ஊசி குத்தியதுபோல ஒரு சிவப்புப் புள்ளி, அவ்வளவுதான் காயம். பிழைத்துவிடும் என்று நம்பினேன். அட்டைப்பெட்டியில் பழைய வேட்டியைக் கிழித்து விரித்து, குஞ்சை உள்ளே விட்டு, மூடியில் துளை போட்டு, இருட்டான மூலையில் வைத்தேன். வெளியே மருதாணிச் செடியில் தாயும் தகப்பனும் மாறி மாறிக் கத்திக்கொண்டிருந்தன. பொழுது சாயும்வரை அந்தச் சத்தம் ஓயவில்லை. இரவு பத்து மணிக்குப் பெட்டியைத் திறந்தபோது குஞ்சு விறைத்துக் கிடந்தது.

அந்த வாரமே பொட்டுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டியிருந்தது. கால்நடை மருத்துவரிடம் இதைச் சொன்னேன். பூனையின் வாயில் பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியா இருக்கும், பல் இறங்கிய புள்ளி எவ்வளவு சிறியதானாலும் அது இரத்தத்தில் கலந்து ஓரிரு நாளில் பறவையைக் கொன்றுவிடும், பூனை கவ்விய பறவைக்கு உடனே மருந்து கொடுத்தால்தான் பிழைக்க வாய்ப்பு உண்டு என்றார். நான் காயத்தின் அளவைப் பார்த்து ஏமாந்திருந்தேன்.

எங்கள் வீடு பாளையங்கோட்டையில் பழைய தெரு ஒன்றில் இருக்கிறது. பின்னால் கிணறு, துவைகல், ஒரு முருங்கை, மருதாணி வேலி, இரண்டு செம்பருத்தி. பொட்டு இரண்டு வயதுப் பெண் பூனை; ஆறு மாதத்திலேயே கருத்தடை செய்துவிட்டோம். நல்ல தீனி, நல்ல தூக்கம், குறை ஒன்றும் இல்லை. ஆனாலும் வேட்டையாடியது. பசிக்கும் வேட்டைக்கும் பெரிய தொடர்பு இல்லை என்பது வயிறு நிறைந்த பூனை ஓணானைத் துரத்துவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அன்று முதல் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதத் தொடங்கினேன். நாற்பது நாளில் பொட்டு படிக்குக் கொண்டுவந்தவை: ஓணான் 8, அரணை 3, அணில் குஞ்சு 2, பறவை 4. பறவைகளில் இரண்டு தவிட்டுக்குருவி, ஒன்று தையல்சிட்டு, ஒன்று அந்தக் கொண்டைக்குருவி. மொத்தம் 17. இது வீட்டுக்கு வந்த கணக்கு மட்டும்தான். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ் நகரத்தில் 55 வீட்டுப் பூனைகளின் கழுத்தில் சிறிய கேமராவைக் கட்டிப் பார்த்திருக்கிறார்கள். முடிவுகள் 2013இல் வெளியாயின. பிடித்த இரையில் 23 சதவீதத்தைத்தான் பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்தன. மற்றவற்றைத் தின்றன, அல்லது கொன்ற இடத்திலேயே போட்டுவிட்டு வந்தன. அங்கேயும் அதிகம் சிக்கியவை ஓணான் வகைப் பல்லிகளே. அந்த விகிதத்தை வைத்துப் பார்த்தால் என் 17 என்பது எழுபதைத் தாண்டும். ஒரு பூனை, ஒரு கொல்லை, நாற்பது நாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

அம்மா வேறு விதமாகச் சொன்னார். "பூனையை எலி பிடிக்கத்தானே வளர்ப்பது? அடைத்துப் போட்டால் அது என்ன பூனை?" நியாயமான கேள்விதான். ஆனால் 17இல் ஓர் எலிகூட இல்லை. கொல்லையில் ஓடுகிற பெருச்சாளியைப் பொட்டு கிணற்றுச் சுவர்மேல் இருந்து பார்த்துக்கொண்டிருக்குமே தவிர இறங்காது. நியூயார்க்கில் புரூக்ளின் பகுதியின் கழிவு நிலையம் ஒன்றில் 79 நாள் கேமரா வைத்து ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார்கள். அத்தனை நாளிலும் பூனைகள் கொன்ற எலி இரண்டே இரண்டு. வளர்ந்த பெரிய எலியோடு மல்லுக்கட்டுவதைவிட, பறக்கப் பழகாத குஞ்சைப் பிடிப்பது பூனைக்கு எளிது. அரிசிப் பானைக்கு மூடி போட்டதும் சாக்கடைத் துளைக்குச் சல்லடை வைத்ததும்தான் எங்கள் வீட்டு எலியைக் குறைத்தன.

கழுத்து மணியை முதலில் முயன்றேன். மணி கட்டிய மூன்றாம் நாள் அரணை வந்தது. இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தார் 2021இல் வெளியிட்ட ஆய்விலும் மணியால் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. அதே ஆய்வில் இறைச்சி மிகுந்த, தானியம் சேராத உணவு கொடுத்த வீடுகளில் கொண்டுவரும் இரை 36 சதவீதமும், தினமும் ஐந்து முதல் பத்து நிமிடம் விளையாட்டுக் காட்டிய வீடுகளில் 25 சதவீதமும் குறைந்திருந்தன. நல்ல செய்திதான். ஆனாலும் மீதி 64 சதவீதம், மீதி 75 சதவீதம் என்று என் மனம் திருப்பிக் கணக்குப் போட்டது. மருதாணியில் அடுத்த கூடு கட்டப்போகிற குருவிக்கு நான் அந்த விகிதத்தைச் சொல்ல முடியாது. பொட்டு வெளியே போகவே கூடாது என்று முடிவு செய்தேன்.

அடுக்களைக்குப் பின்னால் 12 அடி நீளம், 5 அடி அகலத்தில் ஒரு தாழ்வாரம் உண்டு. மேலே ஆஸ்பெஸ்டாஸ் தகடு, மூன்று பக்கமும் மூன்றடிக் கைப்பிடிச் சுவர், அதற்குமேல் திறந்த வெளி. இதை வலையால் மூடிவிட்டால் பூனைக்குக் காற்றும் வெயிலும் கிடைக்கும், கொல்லைக்கும் ஆபத்து இருக்காது.

மாடி வீடுகளில் புறா வராமல் இருக்கக் கட்டுகிற நைலான் வலையைத்தான் முதலில் நினைத்தேன். செலவு குறைவு, ஒரே நாளில் வேலை முடியும். முழுவதும் வாங்கும் முன் ஒரு சிறு துண்டைச் சன்னலில் கட்டிப் பார்த்தது நல்லதாகப் போயிற்று. மூன்று நாளில் பொட்டு வலையின் இரண்டு கண்களைக் கடித்து அறுத்திருந்தது. தொய்ந்த நைலான் வலையில் பாம்பும் பறவையும் சிக்கிச் சாவதும் உண்டு. அடுத்தது கோழி வலை. அதன் கம்பி மெல்லியது. கையால் முறுக்கினாலே வளைகிறது. கடைசியில் வெல்டு மெஷ், அதாவது கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துப் பற்றவைத்த வலைதான் சரி என்று பட்டது. ஓர் அங்குலக் கண், 14 கேஜ் தடிமன் கம்பி, துத்தநாகம் பூசியது. சட்டத்துக்கு ஓர் அங்குலச் சதுரக் குழாய்.

வெல்டிங் பட்டறை அண்ணாச்சி பங்குனி நடுவில் வந்து அளவு எடுத்தார். நான்தான் டேப்பின் மறுமுனையைப் பிடித்தேன். முன்பக்கத்தின் இடது ஓரத்தில் சுவர்த் தலைக்கும் மேல் உத்தரக் குழாய்க்கும் நடுவே சரியாக 4 அடி. வலது ஓரத்தை அளக்கவில்லை. சுவர் மட்டமாகத்தான் இருக்கும் என்று இருவருமே நினைத்துக்கொண்டோம். பட்டறையில் சட்டம் செய்து கொண்டுவந்து நிறுத்தியபோது வலது ஓரத்தில் இரண்டு அங்குலம் இடைவெளி விழுந்தது. தண்ணீர் ஓடுவதற்காகத் தரைக்கு வாட்டம் கொடுத்திருந்தார்கள். கைப்பிடிச் சுவரும் அந்த வாட்டத்தோடு சேர்ந்தே சரிந்திருந்தது. பழைய வீட்டில் எந்த இரண்டு மூலையும் ஒன்றாக இருக்காது. சட்டத்தைத் திரும்ப வெட்டுவதற்குப் பதில் சுவரின் தலையில் சிமென்ட் கலவை போட்டு மட்டம் செய்தோம். மூன்று நாள் ஈரச்சாக்கு போட்டு இறுகவிட்டு, அதன் பிறகு சட்டத்தைச் சுவரோடு பிடிக்கிற ஆங்கர் போல்ட் இறக்கினோம்.

வலையைச் சட்டத்தின் உள்பக்கம், அதாவது பூனையின் பக்கம் வைக்கச் சொன்னேன். பூனை பாய்ந்து தள்ளும்போது வலை சட்டத்தின்மேல் அழுந்தும். வெளிப்பக்கம் வைத்தால் ஒவ்வொரு தள்ளலும் பற்றைப் பிய்க்கும். இதில் எனக்குத் திருப்தி. ஆனால் வலையைச் சட்டத்தோடு புள்ளி புள்ளியாக வெல்டிங் வைத்து ஒட்டவிட்டது என் தவறு. சூடுபட்ட இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும். துரு அங்கிருந்துதான் கிளம்பும். மெல்லிய இரும்புப் பட்டையை வைத்துத் திருகாணியால் இறுக்கியிருக்க வேண்டும். அதன் விளைவைப் பின்னால் சொல்கிறேன்.

மேலே இன்னொரு சிக்கல். ஆஸ்பெஸ்டாஸ் தகட்டின் ஒவ்வோர் அலைக்குக் கீழும் கிட்டத்தட்ட இரண்டு அங்குல உயரத்துக்கு வளைவான சந்து இருக்கும். எண்ணிப் பார்த்தேன், முன்பக்கத்தில் மட்டும் 25. பொட்டு நுழையாது, ஆனால் அணில் தாராளமாக உள்ளே வரும், வந்தால் திரும்பிப் போகாது. தகட்டில் துளை போட்டு எதையும் பூட்டக் கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்குப் பெருங்கேடு. எனவே மிச்சமிருந்த வலையைத் துண்டு துண்டாக நறுக்கி, குழல்போலச் சுருட்டி, ஒவ்வொரு சந்திலும் திணித்து, கட்டுக்கம்பியால் உத்தரக் குழாயோடு முறுக்கினேன். ஏணியில் நின்றபடி இரண்டு மாலை வேலை. விரல் நுனியெல்லாம் கீறல். இந்த வேலைக்குத் தோல் கையுறை அவசியம்.

பெயின்ட் அடித்த பிறகு ஒரு வாரம் பொட்டை அந்தப் பக்கமே விடவில்லை. பூனை உடம்பில் எது ஒட்டினாலும் நக்கியே தீரும்.

சித்திரை பிறந்து நான்காம் நாள் தாழ்வாரத்தைத் திறந்துவிட்டேன். பொட்டு வலையோரமாக மூன்று சுற்று சுற்றியது. ஒவ்வொரு மூலையிலும் மூக்கை வைத்துப் பார்த்தது. பிறகு கதவின் முன் உட்கார்ந்து கத்தத் தொடங்கியது. அந்தக் கத்தல் பன்னிரண்டு நாள் நீடித்தது. விடியற்காலை நாலரை மணிக்குத் தொடங்கும். கதவைப் பிராண்டும், சற்று நிறுத்தும், மீண்டும் கத்தும். ஆறாம் நாள் அம்மா, "பாவம், விட்டுவிடேன்" என்றார். எனக்கும் கை கதவருகே போய்த் திரும்பியது உண்மை. ஒரு முறை திறந்துவிட்டால், கத்தினால் திறக்கும் என்று பூனை கற்றுக்கொள்ளும். அதன் பிறகு இருபது நாள் கத்தும். அதனால் திறக்கவில்லை.

வலையைக் கட்டியதோடு வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். அந்தப் பன்னிரண்டு நாளில்தான் அது பாதி வேலை என்று புரிந்தது. வெளியே பொட்டுக்கு மரம் இருந்தது, மறைந்து கிடக்கப் புதர் இருந்தது, துரத்த உயிர் இருந்தது. இங்கே வெறும் சிமென்ட் தரை. எடுத்துக்கொண்டதற்கு ஈடாக ஒன்றும் நான் வைக்கவில்லை.

முதலில் உயரம். வீட்டுச் சுவரில் பத்து அங்குல அகலப் பலகைகள் நான்கை, ஒன்றேகால் அடிக்கு ஒன்றாகப் படிபோல ஏற்றினேன். மேல் பலகை ஏழடி உயரத்தில், முருங்கைக் கிளைக்கு நேராக வரும்படி. அடுத்தது பிறாண்டுவதற்கு ஒரு தூண். பழைய தேக்குச் சட்டத்தில் தேங்காய் நார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றி ஒரு பலகையில் நிறுத்தினேன். பொட்டு இரண்டு முறை கைவைத்துப் பார்த்துவிட்டு விலகிப் போனது. காரணம், தூண் ஆடியது. பூனை உடம்பை முழுக்க நீட்டி எடையைப் போட்டு இழுக்கும். ஆடுகிற தூணை நம்பாது. சுவரோடு இரண்டு போல்ட் போட்டு இறுக்கிய அன்றே நகத்தைப் பதித்தது. உயரம் மூன்றடிக்குக் குறையக் கூடாது.

செடியும் வைத்தேன். ஒரு தொட்டியில் அருகம்புல், இன்னொன்றில் குப்பைமேனி. குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்று ஒரு பெயர் உண்டு; பெயர் வைத்தவர்கள் கண்ணால் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். அதன் வேரைப் பிடுங்கிப் போட்டால் பொட்டு அதன்மேல் கன்னத்தைத் தேய்த்து, உருண்டு, எச்சில் ஒழுகக் கிடக்கும். வாரத்துக்கு ஒரு நாள், ஒரு சிறு வேர் மட்டும் கொடுக்கிறேன். அரளியையும் செங்காந்தளையும் பூனை எட்டுகிற இடத்தில் வைக்கவே கூடாது, இரண்டும் நஞ்சு.

எல்லாவற்றையும்விட உதவியது விளையாட்டு. மூங்கில் குச்சி, நான்கடி நூல், நுனியில் கோழி இறகு. விடியலிலும் அந்தியிலும் பத்துப் பத்து நிமிடம், ஏனென்றால் பூனை வேட்டைக்குக் கிளம்புகிற நேரங்கள் அவை. இறகைப் பூனையின் முகத்துக்கு நேரே ஆட்டினால் அது வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கும். பூனையைவிட்டு விலகி, தொட்டிக்குப் பின்னால் மறைந்து, நுனி மட்டும் துடிக்கும்படி இழுக்க வேண்டும். அப்போது பொட்டு வயிற்றைத் தரையோடு ஒட்டவைத்து, பின்னங்கால்களை மாற்றி மாற்றி ஊன்றும். கண்மணி கறுத்து விரியும். பிறகுதான் பாய்ச்சல். கடைசியில் இறகைப் பிடிக்க விட்டுவிட வேண்டும், பிடித்தவுடன் தீனி வைக்க வேண்டும். துரத்தி, பிடித்து, தின்று, நக்கிக்கொண்டு தூங்குவது என்ற வரிசை பூனையின் உடம்பிலேயே இருக்கிறது. இந்த வரிசை பிடிபட்ட பிறகு விடியற்காலைக் கத்தல் நான்கே நாளில் நின்றது.

கதவுதான் எங்களை இரண்டு முறை தோற்கடித்தது. தாழ்வாரத்திலிருந்து கிணற்றடிக்குப் போகிற கதவை அம்மா ஒரு நாளைக்கு இருபது தடவையாவது திறப்பார். கையில் வாளியோடு போகிறவர் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டா நிற்பார்? தாழ்ப்பாளும் உள்பக்கம் மட்டுமே இருந்தது. வெளியே போனபின் பூட்ட வழியில்லை. இரண்டாம் முறை பொட்டு வெளியேறி மருதாணிக்கு அடியில் போய்ப் பதுங்கியபோது தவிட்டுக்குருவிக் கூட்டம் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தித் தீர்த்தது. அம்மாவின் மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மனிதரின் கவனத்தை நம்பிக் கதவு செய்யக் கூடாது. அண்ணாச்சியைத் திரும்ப வரவழைத்து, கதவுக்கு உள்பக்கம் மூன்றடிக்கு மூன்றடி ஒரு சிறு வலை அறை போல அடைத்து, அதற்கும் ஒரு கதவு வைத்தோம். இரண்டுக்கும் ஸ்பிரிங் கீல். விட்டால் தானே மூடும். வலையில் கை நுழைகிற அளவு வெட்டி, தாழ்ப்பாளை இரு பக்கமும் இயக்கும்படி செய்தோம். வெட்டிய கம்பி முனைகள் அம்மாவின் கையைக் கிழிக்காமல் இருக்க, பழைய தோட்டக் குழாயை நீளவாக்கில் பிளந்து ஓரமெல்லாம் மாட்டினேன். அதன் பிறகு ஒரு தடவைகூடப் பொட்டு வெளியேறவில்லை.

சித்திரைக் கடைசியில் இன்னொரு பிழை தெரிந்தது. மேல் பலகைக்கு அடியில் ஓர் ஓணான் வால் கிடந்தது. ஓணான் ஓர் அங்குலக் கண்ணில் தடையின்றி நுழைகிறது. நுழைந்தபின் பூனையோடு ஒரே கூண்டில் அகப்பட்டுக்கொள்கிறது. நான் காப்பாற்றக் கட்டிய வலை அதற்குப் பொறியாகிவிட்டது. முதலிலேயே அரை அங்குலக் கண் வாங்கியிருக்க வேண்டும். இப்போது வெளிப்பக்கம் முழுவதும் அரை அங்குல வலையை இன்னொரு அடுக்காகக் கட்டுக்கம்பியால் கட்டினேன். இதற்கு மட்டும் 2,800 ரூபாய் கூடுதல். எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 14,500 ரூபாய் ஆயிற்று. வீட்டுப் பல்லி இன்னும் அவ்வப்போது அகப்படுகிறது. அதற்கு என்னிடம் வழியில்லை.

வெயில் காலத்தில் ஆஸ்பெஸ்டாஸ் தகடு அனலாய்க் கொதித்தது. மேலே தென்னங்கீற்று பரப்பினேன், தரையில் ஈரச் சாக்கு விரித்தேன், உச்சி வெயிலில் அடுக்களைக் கதவைத் திறந்து பொட்டை வீட்டுக்குள் விட்டுக்கொள்கிறேன். மணல் தொட்டி இரண்டு. தீனிக் கிண்ணத்தை எறும்புக்காகத் தண்ணீர்த் தட்டில் வைக்கிறேன்.

பூனையை அடைத்து வளர்ப்பது கொடுமை என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா சொன்னார். ஆஸ்திரேலியாவின் கான்பெரா பகுதியில் 2022 ஜூலை 1 முதல் பிறக்கிற பூனைகளை உரிமையாளரின் இடத்துக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம் என்று சொன்னேன். ஜெர்மனியில் வால்டோர்ஃப் என்ற ஊரில் அதே ஆண்டு கொண்டை வானம்பாடி குஞ்சு பொரிக்கும் பருவம் முழுவதும் பூனைகளை வெளியே விடத் தடை விதித்தார்கள் என்பதையும் சொன்னேன். அவர் அசைந்துகொடுக்கவில்லை. ஆனால் சென்ற ஆடியில் அவர் வீட்டுப் பூனை ஒன்று லாரியில் அடிபட்டது. அதற்குப் பிறகு ஒரு நாள் வந்து தாழ்வாரத்தைச் சுற்றிப் பார்த்தார். பலகை எத்தனை அங்குலம் என்று கேட்டுக்கொண்டு போனார்.

தெருப் பூனைகள் இன்னும் கொல்லைக்கு வருகின்றன. அவற்றில் இரண்டுக்குக் கருத்தடை செய்தாயிற்று. மூன்றாவது கைக்கு அகப்படவில்லை. அதனால் மருதாணிக்கு அடியில் முள் வைத்திருக்கிறேன், எலுமிச்சை வெட்டிய கிளைகள்தான், நெருக்கமாகப் பரப்பினால் பூனை கால் வைக்காது. தவிட்டுக்குருவி தென்னிந்தியாவையும் இலங்கையையும் விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத பறவை. அது நாள் முழுவதும் தரையில் சருகைப் புரட்டித்தான் வயிற்றை நிரப்புகிறது. தரையில் பயமில்லாமல் இறங்க முடியாவிட்டால் அது எங்கே போகும்?

வைகாசியில் அதே மருதாணியில், வலையிலிருந்து ஆறடி தள்ளி, கொண்டைக்குருவி மறுபடி கூடு கட்டியது. மூன்று முட்டை. ஒன்று பொரிக்கவில்லை. மற்ற இரண்டும் இறங்கிய அன்று துவைகல்லின் ஓரத்தில் வால் முளைக்காமல் குந்தியிருந்தன. பொட்டு மேல் பலகையிலிருந்து பார்த்தது, பல்லைக் கடகடவென்று அடித்துக்கொண்டது, வாலை ஆட்டியது. நாங்கள் அன்று துணி துவைக்கவில்லை. மறுநாள் இரண்டும் முருங்கையில் இருந்தன.

இப்போது ஐப்பசி. முதல் மழைக்கே வெல்டிங் வைத்த இடமெல்லாம் செம்மண் நிறத்தில் துரு ஒழுகியிருக்கிறது. நேற்று எண்ணினேன்: 62 இடம். மழை விடுகிற நாளில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துரு தடுக்கிற ரெட் ஆக்சைடு பூச்சு அடித்து, அது காய்கிறவரை பொட்டை முன்னறையில் வைத்துக்கொள்ள வேண்டும். பற்று விட்டுப்போன மூன்று இடங்களில் கட்டுக்கம்பி முறுக்கியாயிற்று. அண்ணாச்சி கார்த்திகையில் பட்டை வைத்துத் திருகாணி போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.